ஒற்றை மிளகாய்

மோசம். நான் பயந்ததைவிட, இல்லை, நான் ஆசைப்பட்டதைவிட மோசம். முதல் பக்கத்திலேயே மூன்று பேர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டார்கள். தாரணி மனத்தில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறாள். சொன்ன பிறகு, அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொல்கிறாள். ஆச்சி, இதை எழுதியது நீங்களா? நீங்களேதானா?

பிரேமலா போனைக் கவிழ்த்து வைத்தாள். மலேசியாவில், சிம்பாங் ரெங்கம் கடைவரிசையில், தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் முகப்பு மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே, கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் அவளைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தார். அப்போதுதான் தானும் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. கதையைப் படிக்கத் தொடங்கியதிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

'பதினான்காவது மாடி' என்ற டிவி தொடர் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஜொகூர் பாரு அடுக்குமாடி ஒன்றில் நடக்கும் கதை. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நர்ஸ் தாரணி, அந்தக் கட்டடத்தின் லிப்ட்டைப் பழுதுபார்க்கும் இளமாறன். தொடரை முடித்தவர்கள் இவர்கள் இருவரையும் லிப்ட்டுக்கு உள்ளும் வெளியுமாக நிறுத்தி முடித்துவிட்டார்கள். அதைப் பொறுக்க முடியாதவர்கள் டெலிகிராமில் 'மாடிவாசிகள்' என்று ஒரு குழு வைத்துத் தாங்களே மீதிக் கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். ரசிகர் கதைகள். பிரேமலா அங்கே எழுதுகிறவள் அல்ல, படிக்கிறவள். வெளியிடுவதற்கு முன்னால் கதையை அவளுக்கு அனுப்பி, அவள் சொல்வதைக் கேட்டுத் திருத்திவிட்டுத்தான் பலரும் குழுவில் போடுவார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கதையின் தலைப்பில் மிளகாய்ப் படம் வைக்க வேண்டும். மூன்று மிளகாய் என்றால் எவ்வளவு காரமாகவும் சொல்லலாம். இரண்டு என்றால் பதமாக. ஒன்று என்றால் பிடித்ததை மட்டும் சொல்ல வேண்டும், பிடிக்காததை விழுங்கிக்கொள்ள வேண்டும். பலர் ஒற்றை மிளகாயில் தொடங்கி, தைரியம் வந்த பிறகு இரண்டுக்குப் போவார்கள்.

அழகம்மை அனுப்பிய கோப்பின் தலைப்பில் ஒரு மிளகாய்தான் இருந்தது.

பிரேமலா அதை மறுபடி திறந்து உறுதிசெய்துகொண்டாள். ஒன்றுதான். சிவப்பாக, சின்னதாக, ஒரு மூலையில். ஆச்சிக்குப் பயம் வந்திருக்கிறது.

அழகம்மையைக் குழுவில் எல்லோரும் ஆச்சி என்றுதான் சொல்வார்கள். ஜே.பி. என்கிற ஜொகூர் பாருவில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர், நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பம். அவர் ஒரு கதைகூட எழுதியதில்லை. விமர்சனம் மட்டும்தான். அதற்காக ஜனங்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்கள். 'ஆச்சி கிழிச்சிட்டாங்க' என்று சொல்லிக்கொள்வதே சிலருக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கிழித்த கதைகளில் ஒன்று மழைக்குருவி என்ற புனைபெயரில் வந்தது. இளமாறனின் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோவதைப் பற்றிய சின்னக் கதை. குளிரூட்டிய வார்டு, ஜன்னல்கூட இல்லை. அந்த அம்மா கடைசியாகக் கண் திறந்து, "துணி எடுத்தாச்சா? மழ வருது பாரு" என்று கேட்கிறாள். மகன், "எடுத்தாச்சும்மா" என்கிறான். அவ்வளவுதான்.

பிரேமலாவின் அம்மா குளுவாங் ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்டாள். பிரேமலாவும் அதைத்தான் சொன்னாள். அந்தச் சமயத்தில் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. எடுத்தாச்சு என்று சொன்னது பொய். அந்தப் பொய்யை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், இளமாறன் வாயில் வைத்து எழுதி, தலைப்பில் ஒற்றை மிளகாய் போட்டு, மழைக்குருவி என்று கையெழுத்திட்டாள்.

அழகம்மை எழுதியது இது: 'சாகப்போகும் தாய் துணியைப் பற்றிக் கேட்கிறாள். மரணத்தை இந்த ஆசிரியர் வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்போல. சாவின் வாசலில் ஒரு மனுஷி இப்படிப் பேசுவாள் என்று நம்புவதற்கு நமக்கும் கொஞ்சம் மயக்க மருந்து வேண்டும்.' யாரோ மிளகாயைக் கவனிக்கச் சொன்னபோது, 'காரம் ஆகாதவங்க சர்க்கரைப் பொங்கல் கிண்டிச் சாப்பிடுங்க லா, கதை எதுக்கு?' என்று பதில் போட்டார். சிரிப்புப் படங்கள் கொட்டின. அன்று சாயங்காலமே, பண்டார் தெங்காராவிலிருந்து குழுவில் எழுதும் சாந்தினி, கொடியில் தொங்கும் ஒரு பாவாடைப் படத்துக்குக் கீழே 'துணி எடுத்தாச்சா?' என்று எழுதி ஸ்டிக்கர் செய்துவிட்டாள். குழுவில் யாராவது கொஞ்சம் உருகி எழுதினால் இன்றைக்கும் அந்தப் பாவாடை வந்து விழும்.

மழைக்குருவி மறைந்தாள். சில மாதங்கள் கழித்து பிரேமலா தன் சொந்தப் பெயரில் உள்ளே வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது திரும்பி வந்ததல்ல, காத்திருக்க வந்தது. எதற்கு என்று அப்போது தெரியாது. பிறர் கதைகளைப் படித்தாள். தனக்கு என்ன செய்யப்பட்டதோ அதைத் தலைகீழாகச் செய்தாள். வியப்பு என்னவென்றால், அது அவளுக்கு நன்றாக வந்தது. ஸ்டிக்கர் செய்த சாந்தினியின் கதையைக்கூடத் திருத்திக் கொடுத்தாள். "உங்க இளமாறன் மூணு எடத்துல கண் கலங்கறான் சாந்தினி. ஒரு தடவ கலங்கட்டும். மத்த நேரமெல்லாம் லிப்ட்ட ரிப்பேர் பண்ணட்டும். அவன் ஸ்பேனர எப்படிப் பிடிக்கிறான்னு பார்த்தே நமக்கு அழுகை வரணும்." சாந்தினி அந்தக் கதைக்கு வந்த பாராட்டுகளைப் படம்பிடித்து அனுப்பி, "அக்கா, நீங்க எங்க குலதெய்வம்" என்றாள். பிரேமலா நன்றி சொன்னாள். சாந்தினிமேல் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. பாவாடை வரைந்தவள் வேறு, அதைக் கொடியில் மாட்டிவிட்டவர் வேறு.

சென்ற மாதம், தொடரைத் தயாரித்த கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரசிகர்கள் எழுதிய கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தீபாவளிக்கு ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக எடுக்கப்போகிறார்கள். எழுதியவரின் உண்மைப் பெயர் திரையில் வரும். கடைசி நாள் இந்தச் சனிக்கிழமை.

சாந்தினியின் குரல் பதிவுதான் முதலில் வந்தது. "அக்கா! அலமாக், கேட்டீங்களா? ஆச்சி கதை எழுதியிருக்காங்களாம்! இத்தன நாளா சமையல் எப்படின்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தவங்க, இப்பதான் அடுப்பு பக்கமே வராங்க. எப்படி வந்தாலும் குழு மொத்தமும் இலை போட்டு உக்காந்திருக்கு, பார்த்துக்கோங்க."

அதற்குப் பிறகு அழகம்மையின் கோப்பு வந்தது. கூடவே ஒரு வரி: 'பிரேமலா, நீ மட்டும் படி. உன் கண்ணைத்தான் நம்புறேன்.'

மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போன பிறகு அவள் மீதியைப் படித்தாள். கதை இதுதான். தாரணி வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, படுத்த படுக்கையான தன் அப்பாவைப் பார்க்கத் திரும்பி வருகிறாள். அப்பா அவளை மன்னிக்கிறார். மன்னிப்பதற்கு முன் பேசுகிறார். மன்னித்த பிறகும் பேசுகிறார். டியூஷன் சென்டரில் போர்டுக்கு முன்னால் நின்று பேசுவதுபோலப் பேசுகிறார். ஒரு மனிதனும் அதில் மூச்சுவிடவில்லை.

நடுவில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

நினைவு தப்பிய அப்பாவின் கட்டிலருகே தாரணி உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவளைப் பார்த்து, நீங்க யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார். நர்ஸ் என்கிறாள். உடனே அவர் தன் மகளைப் பற்றி அந்த நர்ஸிடம் குறை சொல்கிறார். திமிர் பிடித்தவள், யாரையும் மதிக்கமாட்டாள், நாக்கு முழுக்க முள். தாரணி, "ஆமாங்க, அவ அப்படித்தான்" என்கிறாள். "அவ வந்தா சொல்லுங்க," என்கிறார் அவர். "எனக்குக் கோபம் போகலன்னு சொல்லுங்க." "சொல்றேன் அப்பச்சி," என்கிறாள் தாரணி. அவர் தண்ணீர் கேட்கிறார். அவள் தலையைத் தாங்கிக் கொடுக்கிறாள்.

பிரேமலா அதை இரண்டாம் முறை படித்தாள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த தாரணி, தொடரில் ஓரிடத்திலும் அப்பாவை அப்பச்சி என்று கூப்பிட்டதில்லை. அது ஆச்சி வீட்டுச் சொல். எழுதும்போது கை தவறி உள்ளே வந்துவிட்டிருக்கிறது. அப்படியென்றால் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது தாரணி அல்ல.

கதை இங்கேதான் இருக்கிறது. முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். மன்னிப்பைத் தூக்கி எறிய வேண்டும். இதைச் சொல்ல நான்கு வாக்கியம் போதும். தேர்ந்தெடுக்கிறவர்கள் கண் தெரிந்தவர்களாக இருந்தால் இதைக் கீழே வைக்கமாட்டார்கள். பிரேமலாவின் தலையில் திருத்திய கதை முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. அவளால் அதைத் தடுக்க முடியவில்லை, கை அப்படிப் பழகியிருந்தது.

ஒற்றை மிளகாய்க்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். பிடித்தது இந்தப் பக்கம் ஒன்றுதான். முறைப்படி பார்த்தால் அவள் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து கைக்கு வந்த கத்தி, பிடிக்கும்போது கரண்டியாக இருக்கிறதே.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அழகம்மையின் அழைப்பை எடுத்தாள்.

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன் ஆச்சி."

"ம். சொல்லு." குரல் சாதாரணமாக இருக்க முயன்றது.

"மொத அத்தியாயத்துல பாலத்துல மோட்டார் சைக்கிள் கூட்டம் வருமே, அது பிடிச்சிருந்துச்சு."

"வேற?"

"அப்புறம் நடுவுல ஒரு எடம்…"

"ஆஸ்பத்திரி சீன்தானே?" அழகம்மை அவசரமாகக் குறுக்கிட்டார். "எனக்குத் தெரியும், நீ அதைத்தான் சொல்லப்போறேன்னு. எனக்கே உறுத்திட்டு இருக்கு. அதுல ஒண்ணுமே நடக்கல பாரு. கெழவர் ஏதோ பேசறாரு, தண்ணி குடிக்கறாரு. நம்ம குழுவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கே, துணி எடுத்தாச்சா, அந்த மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. அய்யோ, அந்தக் கதை! யாரோ ஒரு பொண்ணு எழுதுச்சு, பேருகூட மறந்துபோச்சு." சிரித்தார். "அதோட நின்னுடுச்சு போல, அப்புறம் ஆளையே காணோம்."

பிரேமலா கிளினிக்கின் பின்படியில் நின்றிருந்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சந்துமுனையில் திரும்பிப் போனது. அது போய் முடியும்வரை அவள் பேசவில்லை. சத்தத்துக்காகக் காத்திருப்பதாக ஆச்சி நினைத்துக்கொள்ளட்டும்.

பேர்கூட மறந்துபோச்சு. இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. எத்தனையோ தடவை மனத்துக்குள் நடத்திப் பார்த்த சண்டைகளில் அழகம்மை எப்போதும் அவளை ஞாபகம் வைத்திருந்தார். 'நீதான் அந்த மழைக்குருவியா?' என்று முகம் வெளுப்பார். அந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை பேருடைய கதைகளைத் திருத்தியிருக்கிறாள். எதிரி ஒருத்தி தனக்கு இருக்கிறாள் என்பதே தெரியாமல் இந்த மனுஷி தூங்கி எழுந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, சாப்பிட்டு, இருந்திருக்கிறார்.

"உங்களுக்கு என்ன தோணுது ஆச்சி?"

"எடுத்துடலாம்னு தோணுது."

"உங்க கதை. உங்களுக்குத் தோணறதுதான் சரி."

எவ்வளவு சுலபமாக வந்தது. குரலில் சர்க்கரைகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் புதிய கோப்பு வந்தது. அந்தப் பக்கம் இல்லை. அது இருந்த இடத்தில் அப்பா, பெற்ற மனம் என்றால் என்ன என்பதைப் பற்றிப் புதிதாக ஒரு பத்தி பேசினார். பிரேமலா பழைய கோப்பையும் புதியதையும் மாற்றி மாற்றித் திறந்தாள். பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். செய்யாதீங்க என்று டாக்டர் சொல்லிக்கொண்டேயிருப்பார். அவர்களால் முடியாது. வலிக்கும், அந்த வலி அவர்களுடையது, அதை வேறு யாரும் வாங்கிக்கொள்ள முடியாது.

'ரொம்பத் தெளிவா வந்திருக்கு ஆச்சி' என்று எழுதி அனுப்பினாள்.

சந்தோஷமாக இருக்கிறேனா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆம், இருந்தது. அதை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை. நல்லவர்கள் இந்த இடத்தில் மனம் கசந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பசித்தது. சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி, நிறையச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அழகம்மை ஜே.பி.யிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய பிறகுதான் போன் செய்தார். "உன் கிளினிக் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கே, அங்க இருக்கேன். அஞ்சு நிமிஷம் வா."

இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விமர்சனங்களில் தெரிந்த ஆளைவிட அழகம்மை குள்ளமாக இருந்தார். பருத்திச் சேலை கசங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு. மேசைமேல் கதை அச்சடித்த தாள்கள், அதன்மேல் சிவப்புப் பேனா. தனக்குப் பால் சேர்க்காத தே ஓ டீ சொல்லியிருந்தார், குடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.

"உக்காரு. என்ன சாப்பிடுற?"

"சாப்பிட்டாச்சு ஆச்சி."

"சாந்தினிக்கு எத்தன வாய்ஸ் நோட்டு அனுப்பியிருக்கே தெரியுமா? அவ எனக்குப் போட்டுக் காட்டினா. ஸ்பேனர எப்படிப் பிடிக்கணும்னுகூடச் சொல்லியிருக்கே." தாள்களைத் தட்டினார். "எனக்கு மூணு வரி. மூணும் பாராட்டு."

"ஒரு மிளகாய் போட்டிருந்தீங்களே."

"அத விடு லா! அது ஏதோ பயத்துல போட்டது." கடைப்பையன்களுக்குக் கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இது சரியில்ல பிரேமலா. எங்கேயோ செத்துக் கெடக்கு. எனக்குத் தெரியுது, எங்கேன்னுதான் தெரியல. அடுத்தவங்க கதையில உடனே தெரியும். என்னுதுல கண்ணு அவிஞ்சுபோச்சு."

பிரேமலா மேல் தாளின் முதல் வரியைப் பார்த்தாள்.

"நாளைக்கு அனுப்பணும். என் பேரு வரும். குழுவுல அத்தன பேரும் காத்துக்கிட்டிருக்காங்க, எனக்குத் தெரியாதா? அவங்க சிரிச்சா சிரிக்கட்டும். அதுக்காக நான் இவ்வளவு தூரம் வரல." பேனாவை எடுத்து, மறுபடி வைத்தார். "அப்பச்சி போன வருஷம் தவறிட்டாங்க. கடைசி மூணு மாசம் என்னை யாருன்னு தெரியல. இத அவங்களுக்காகத்தான் எழுதினேன். அது செத்த கதையா இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

தெரியும், என்று பிரேமலா நினைத்தாள். எனக்கு முன்னாடியே தெரியும். நீங்கள் எந்தப் பக்கத்தில் அழுதீர்கள் என்றுகூடத் தெரியும்.

"நான் நெறைய பேர கிழிச்சிருக்கேன்," என்றார் அழகம்மை. "அவங்க நல்லதுக்குன்னு நெனச்சேன். பாதி அதுக்கு. பாதி, எனக்கு அது நல்லா வந்துச்சு, அதனால. அதுல எத்தன பேரு எழுதறதையே விட்டாங்கன்னு சாந்தினி நேத்து சொன்னா. எனக்குப் பேருங்ககூட ஞாபகம் இல்ல, பார்த்துக்கோ. சரி, இப்ப என் முறை. நீ கிழி. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போது மழைக்குருவி என்ற பெயரைச் சொன்னால் போதும். முகம் வெளுக்கும். ஒருவேளை அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார், மன்னிப்புக் கேட்பார். அதன்பிறகு பிரேமலா மன்னித்தாக வேண்டும். மன்னித்த கையோடு அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அழகம்மை கதையில் வரும் அப்பாவைப் போல அவளும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

அவள் எதிரே இருந்த முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். ஒன்று மட்டும் உறைத்தது. இந்த மனுஷி மழைக்குருவியின் கதையைக் கிழித்தபோது, கிழிப்பதற்காகவாவது ஒவ்வொரு வரியாகப் படித்திருந்தார். எங்கே சிரிக்கலாம் என்று தேடித்தேடிப் படித்திருந்தார். பிரேமலா இப்போது செய்வது அதைவிடக் கொடியது. படித்து, புரிந்து, கதை எங்கே உயிரோடிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. இதைப் பார்த்த பிறகும் தன் மனம் இளகுகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். இளகவில்லை. வாங்கியதற்குக் கொடுப்பது அளவு சரியாக இருக்கிறது என்றுதான் பட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றார் அழகம்மை. பேனாவின் மூடியைக் கழற்றி, தாள்களோடு சேர்த்து அவள் முன்னால் நகர்த்தினார். "வெட்டினதுல ஏதாவது திரும்பி வைக்கணுமா? வாயால சொல்ல வேணாம். எங்க வைக்கணும்னு ஒரு கோடு போடு, போதும். நீ கோடு போட்ட எடத்துல நான் பார்த்துக்கறேன்."

பேனா எடுக்கும் தூரத்தில் இருந்தது. எந்தத் தாள், எந்தப் பத்திக்கு மேலே என்று பிரேமலாவுக்குப் பார்க்காமலே தெரியும். கிளினிக் வாசலில் இரண்டு பேர் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது கடையிலிருந்தே தெரிந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். அழகம்மை தாள்களின் மேல் குனிந்தார். பிரேமலா மேசையிலிருந்த மூடியைத் தேடி எடுத்து, பேனாவை மூடி, தாள்களின் மேல் நேராக வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து அவர் பக்கமே தள்ளினாள்.

"வேணாம் ஆச்சி," என்றாள். "வேலைக்கு நேரமாச்சு."